பூத்த பின்தான் தெரியும்: மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண் மரமும் பெண் மரமும்

இலங்கையின் கம்பளை, கலஹா, உக்குவளை, மாவனல்லைப் பக்கங்களில் விதை முளைத்த சாதிக்காய்க் கன்று ஒன்றை வீட்டுத் தோட்டத்தில் நட்டால், அது ஆணா பெண்ணா என்று தெரிய ஆறு முதல் எட்டு வருடம் ஆகும். அதுவரை பார்ப்பதற்கு எல்லாக் கன்றும் ஒன்றுதான். நிழலுக்கு வாழை வைத்து, கோடையில் தண்ணீர் ஊற்றி, பசளை போட்டு வளர்த்த பிறகு முதல் பூ வரும். அன்றைக்குத்தான் மரம் வாய் திறக்கும். விதைக் கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண். பத்துக் கன்று நட்டவருக்கு நான்கைந்து மரம் காயே தராது.

அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். கோபத்தில் ஆண் மரம் அத்தனையையும் வெட்டிவிடுகிறார்கள். அல்லது காய்க்கும் காய்க்கும் என்று இன்னும் ஐந்து வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாத நட்டம். பூவைப் படிக்கத் தெரிந்தால், பூத்த வருடத்திலேயே எந்த மரத்தை வைப்பது, எதை மாற்றுவது என்று முடிவெடுக்கலாம்.

முதலில் ஒரு பாகுபாட்டை மனதில் வைக்க வேண்டும். தேயிலை, கோப்பி, கராம்பு போன்றவற்றில் ஒரே பூவுக்குள் மகரந்தம் தரும் ஆண் உறுப்பான கேசரமும், காயாக மாறும் பெண் உறுப்பான சூலகமும் இருக்கும். பூசணி, பலா, கித்துள் ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆனால் இரண்டும் ஒரே செடியில் வரும். இவற்றை ஓரில்லத் தாவரம் என்று பாடசாலைப் புத்தகம் சொல்லும். மூன்றாவது வகையில் ஒரு செடி முழுவதும் ஆண், இன்னொரு செடி முழுவதும் பெண். இவை ஈரில்லத் தாவரங்கள். சாதிக்காய், பப்பாசியின் ஒரு பகுதி, கொறக்காப்புளி, கோவை, வெற்றிலை, பனை எல்லாம் இந்தக் கூட்டம். பேராதனைப் பூங்காவில் நிற்கும் இரட்டைத் தேங்காய் மரங்களும் அப்படித்தான். சீஷெல்ஸ் தீவிலிருந்து வந்த அந்த மரம் பூக்க இருபது முப்பது வருடம்கூட ஆகும். ஆண் மரத்தில் கை நீளத்துக்கு மேல் தொங்கும் பூங்கதிரைப் பார்த்தவர்களுக்கு அதன் பால் பற்றி ஐயமே வராது. சாதிக்காயில் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது.

சாதிக்காய்ப் பூவை அறுத்துப் பார்ப்பது

இரண்டு பூவும் வெளிர் மஞ்சள், மெழுகு பூசியது போன்ற தடித்த இதழ், சின்னக் குடம் மாதிரி உருவம், நல்ல மணம். தூரத்திலிருந்து பார்த்து யாரும் பிரிக்க முடியாது. அருகில் போனால் முதல் அடையாளம் எண்ணிக்கை. ஆண் மரத்தில் இலைக் கக்கத்தில் பூக்கள் கொத்தாக வரும்: மூன்று, ஐந்து, பத்து, சில வேளை அதற்கும் மேல். பெண் மரத்தில் தனியாக ஒன்று, அல்லது இரண்டு மூன்று. பெண் பூ கொஞ்சம் பெரியது, அடிப்பக்கம் புடைத்திருக்கும். ஆண் பூ ஒடுங்கி நீண்டிருக்கும்.

இதோடு நிறுத்தக் கூடாது. சவர அலகால் பூவை நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். ஆண் பூவென்றால் நடுவில் ஒரு தூண் நிற்கும்; அந்தத் தூணைச் சுற்றி மகரந்தக்கூடுகள் எட்டு முதல் பன்னிரண்டு வரை நெடுங்கோடுகளாக ஒட்டியிருக்கும். முற்றிய பூவில் விரலை வைத்தால் மஞ்சள் தூள் படும். பெண் பூவென்றால் நடுவில் ஒரு சிறு கூசா போலச் சூலகம், அதன் உச்சியில் உதடு பிரிந்தாற்போல இரண்டு மடலாக, மகரந்தத்தை ஏற்கும் குறி. கேசரத்தின் சாயலே இராது. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். ஒரே மரத்தில் வெவ்வேறு கிளைகளிலிருந்து குறைந்தது பத்துப் பூவாவது பிளந்து பாருங்கள்.

பத்துப் பூ ஏன் என்றால், சாதிக்காயில் கலப்பு மரங்களும் உண்டு. ஆண் பூவே நிறையப் போட்டு இடையிடையே சில பெண் பூவும் தரும் மரம், பெண் பூவோடு கொஞ்சம் ஆண் பூவும் தரும் மரம் இரண்டும் இருக்கின்றன. முதல் ஓரிரு வருடம் ஆண் பூ மட்டும் போட்டுவிட்டு, பின்னர் சில காய் பிடிக்கும் மரமும் உண்டு. அதனால் முதல் பூவைக் கண்ட உடனே கோடரியை எடுக்க வேண்டாம். இரண்டு பூப்புப் பருவம் பார்த்து, பூவையும் காயையும் எண்ணி முடிவெடுங்கள். இன்னொன்று: தோட்டத்தில் முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் மரங்கள். ஆறாம் வருடம் பூத்த மூன்று மரமும் ஆணென்று கண்டு, மீதி ஐந்தும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் தளர வேண்டியதில்லை. பெண் மரங்கள் பிந்திப் பூக்கும்.

விதையிலும் இலையிலும் தேடுவது

நீளமான கொட்டை ஆண், உருண்டை பெண். கிளை மேல்நோக்கிப் போனால் ஆண், படர்ந்தால் பெண். இலை அகலம், நரம்பின் கோணம், தளிரின் நிறம்... இப்படிச் சொல்லாத ஊரில்லை. இவற்றில் எதையும் நம்பி ஒரு கன்றை எறியக் கூடாது. இலையின் உட்கட்டமைப்பை வைத்துப் பிரிக்கலாமா என்று ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். தோட்டத்தில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு எதுவும் கைகொடுக்கவில்லை. எந்தச் சோதனையும் பாதி தடவை சரியாக வரும், ஏனெனில் பாதிக் கன்று ஆண்தானே! சரியாக வந்த பாதியைத்தான் ஆட்கள் நினைவில் வைத்துச் சொல்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இதே பலன் கிடைக்கும்.

ஆண் எத்தனை வேண்டும்

பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்பதுதான் வழமையான கணக்கு. ஆணே இல்லாத தோட்டத்தில் பெண் மரம் நிறையப் பூக்கும்; பூவெல்லாம் உதிர்ந்து தரையில் கிடக்கும். பக்கத்து வளவில் ஆண் மரம் நின்றால் அதன் மகரந்தமே போதும். கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள் வேலி மேல் வேலியாக நெருங்கியிருப்பதால் பலருக்கு இது தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது. அயலவர் தன் ஆண் மரத்தை வெட்டிய அடுத்த வருடம் இவருடைய விளைச்சல் குறையும். காரணம் என்னவென்று இவர் பசளையில் தேடுவார்.

மகரந்தத்தை எடுத்துச் செல்வது தேனீயல்ல. சாதிக்காய்ப் பூ மாலை சாய்ந்த பின் விரியும். குடத்தின் வாய் சிறியது. தென்னிந்தியத் தோட்டங்களில் செய்த அவதானிப்பில் எறும்பு போன்ற உருவமுள்ள, சில மில்லிமீற்றர் நீளமான வண்டுகளே இந்த வேலையைச் செய்வதாகக் கண்டார்கள். ஆண் பூவில் அவற்றுக்கு மகரந்தம் உணவாகக் கிடைக்கிறது. பெண் பூவில் எதுவும் இல்லை. ஆனால் மணமும் உருவமும் ஒன்றாக இருப்பதால் வண்டு ஏமாந்து உள்ளே போய்வருகிறது. ஆண் மரம் ஏன் இவ்வளவு பூக்கிறது, பெண் பூ ஏன் அச்சாக ஆண் பூவைப் போல இருக்கிறது என்பதற்கு இதுதான் விளக்கம். பூக்கும் காலத்தில் மிளகுக்கோ மரக்கறிக்கோ அடிக்கும் பூச்சிநாசினி இந்த வண்டைத்தான் முதலில் கொல்லும். சாதிக்காய் பூத்திருக்கும்போது மரத்தடியில் மருந்து அடிக்காதீர்கள்.

பூ உதிர்வது ஆண் இல்லாததாலா, வேறு குறையாலா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. அன்று விரிந்த ஆண் பூ நான்கைந்தைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுத் தூணை வெளியே எடுங்கள். அதைப் பெண் பூவின் வாய்க்குள் விட்டுக் குறியில் மெதுவாகத் தடவ வேண்டும். இப்படி இருபது பூவுக்குச் செய்து, காம்பில் நூல் கட்டிவிடுங்கள். பக்கத்துக் கிளையில் தொடாத இருபது பூவுக்கு வேறு நிற நூல். சில கிழமையில் கைதடவிய பூக்கள் மட்டும் பிஞ்சாகி, மற்றவை உதிர்ந்திருந்தால் குறை மகரந்தத்தில். இரண்டு பக்கமும் உதிர்ந்தால் ஆண் மரத்தைக் குறை சொல்ல முடியாது. வறட்சி, அளவுக்கு மிஞ்சிய நிழல், ஊட்டக் குறைவு, பூசணம் இவற்றில் தேடுங்கள்.

விதையிலிருந்து நடுவதென்றால்

தானாக வெடித்த, பாரமான காயிலிருந்து கொட்டையை எடுக்க வேண்டும். கொட்டையைச் சுற்றியுள்ள சிவந்த வசவாசியை உரித்துவிட்டு அன்றைக்கே, தப்பினால் மூன்று நாளுக்குள், ஈர மணலில் புதைக்க வேண்டும். சாதிக்காய் விதை காய்ந்தால் செத்தது. ஆட்டிப் பார்க்கும்போது ஓட்டுக்குள் பருப்பு கலகலவென்று உருண்டால் அது கறிக்குத்தான் உதவும், முளைக்காது. முளைக்க ஒன்று முதல் மூன்று மாதம் வரை எடுக்கும்.

கன்றைக் குழிக்கு ஒன்றாக நடாதீர்கள். 20 பேர்ச் நிலம் ஏறக்குறைய 506 சதுர மீற்றர். எட்டு மீற்றர் இடைவெளி விட்டால் எட்டுக் குழி வரும். குழிக்கு ஒரு கன்று வைத்தால் சராசரியாக நான்கு குழியில் ஆண். குழிக்கு மூன்று கன்றை அரை மீற்றர் தள்ளி முக்கோணமாக வைத்தால், மூன்றுமே ஆணாகும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டுக் குழியில் ஏழில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்கும். மூன்றும் ஆணாகப் போன அந்த ஒரு குழியில் ஒன்றை வைத்துக்கொண்டால், தோட்டத்துக்கு வேண்டிய ஆண் மரம் அதுதான். கணக்கு எப்போதும் இவ்வளவு ஒழுங்காக விழாது, ஆனாலும் ஒற்றைக் கன்று நடுவதைவிட எவ்வளவோ மேல். பூத்ததும் ஒவ்வொரு குழியிலும் நல்ல பெண்ணை வைத்து மற்றதை நிலமட்டத்தில் அறுத்துவிட வேண்டும். பிடுங்கினால் பின்னிய வேர் அறுந்து, நிற்கும் மரமும் ஆட்டம் காணும்.

ஒட்டுக்கன்று: தீர்வும் அதிலுள்ள பொறியும்

காத்திருக்க விருப்பமில்லாதவருக்கு வழி ஒட்டுக்கன்று. நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் தளிர்க்கொம்பை விதைக் கன்றில் ஒட்டினால், வருவது உறுதியாகப் பெண். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது; அதன் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருக்கிறது. கன்று வாங்க முன் அங்கே கேட்டு, தாய் மரம் எதுவென்று தெரிந்த கன்றை எடுப்பது நல்லது.

நாமே ஒட்டுவதானால், கொம்பை ஏற்கும் விதைக் கன்று, அதாவது கட்டைக் கன்று, முளைத்து மூன்று கிழமையளவில், முதல் இலை விரியும் பருவத்தில் இருக்க வேண்டும். தண்டு அரை சென்ரிமீற்றராவது தடித்திருக்க வேண்டும். தலையை வெட்டி, தண்டின் நடுவே இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய கொம்பை அதற்குள் இறக்கி, பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். கொம்பு ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் நீளம், கட்டையின் தடிப்பு, மேலே ஒன்றிரண்டு இலை. இலையைப் பாதியாக வெட்டிவிடுங்கள். ஒட்டிய பின் ஒளிபுகும் பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைக்க வேண்டும்.

இங்கே தவறு நேர்வது நான்கு இடத்தில். முதலாவது, கத்தி. சாதிக்காயை வெட்டினால் சிவந்த சாறு வரும். அதைத் துடைக்காமல் அடுத்த வெட்டு வெட்டினால் ஒட்டு பிடிக்காது. இரண்டாவது, மூடியை ஒரே நாளில் கழற்றி வெயிலில் வைப்பது. தளிர் வந்ததும் பையின் அடியைத் திறந்து, சில நாள் விட்டு முழுவதும் எடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய தவறு: பக்கக் கிளையிலிருந்து கொம்பு எடுப்பது. சாதிக்காயில் மேல்நோக்கி வளரும் தளிர் வேறு, கிடையாகப் படரும் கிளை வேறு. ஒன்று மற்றதாக மாறாது. பக்கக் கிளைக் கொம்பை ஒட்டினால் பெண் மரம்தான் வரும், ஆனால் நிமிராமல் பற்றைபோலப் படர்ந்துவிடும். சீக்கிரம் காய்க்கும், பறிக்கவும் எளிது என்று சிலர் விரும்பியே வைக்கிறார்கள். இடம் அதிகமாகத் தின்னும் என்பதைத் தெரிந்து வைத்தால் சரி. நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் நடுத்தண்டிலிருந்து நேரே மேலெழும் போத்திலிருந்து மட்டும் கொம்பு எடுக்க வேண்டும்.

நான்காவது, ஒட்டுக்குக் கீழே வரும் துளிர். ‘ஒட்டுக்கன்று என்று காசு கொடுத்து வாங்கினேன், ஆண் மரமாகிவிட்டது’ என்ற முறைப்பாட்டுக்கு அடிக்கடி காரணம் இதுதான். கீழ்க் கட்டை விதைக் கன்று. அதன் பால் யாருக்கும் தெரியாது. அதிலிருந்து வரும் துளிரைக் கிள்ளாமல் விட்டால், இரண்டு மூன்று வருடத்தில் அது ஒட்டை மூடி வளர்ந்து, ஒட்டிய பெண் கொம்பு பட்டுப்போகும். வளவில் நிற்பது வெறும் விதை மரம். நட்ட முதல் மூன்று வருடம் மாதம் ஒரு தடவை குனிந்து ஒட்டுத் தழும்பைப் பாருங்கள். தழும்புக்குக் கீழே எது வந்தாலும் விரலால் கிள்ளிவிட வேண்டும்.

எல்லாக் கன்றும் ஒட்டுப் பெண்ணாக நட்டவர்கள் ஓர் ஆணையும் சேர்த்து நட வேண்டும். இடமில்லாவிட்டால் ஒரு பெண் மரத்தின் ஒரு கிளையில் ஆண் கொம்பு ஒட்டிவிடலாம். ஐந்து பேர்ச் வளவுக்கு இதுவே சிறந்த வழி.

நிற்கும் ஆண் மரத்தை மாற்றுவது

பத்து வருட வேர் தரைக்குள் இருக்கும்போது மரத்தையே அகற்றுவது வீண். தேவைக்கு மிஞ்சிய ஆண் மரத்தின் தலையை மாற்றலாம். மழை தொடங்கும் காலத்தில், சித்திரை முடிவிலோ ஐப்பசியிலோ, தண்டைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்தில் சாய்வாக அறுங்கள். வெட்டுக்குக் கீழே ஒரு கிளை இருந்தால் அதை விட்டுவைக்க வேண்டும். வேருக்கு உணவு அனுப்ப அது உதவும். வெட்டு வாய்க்கு செப்புப் பூசணநாசினியைக் களியாகக் குழைத்துப் பூசுங்கள். பூசாமல் விட்டால் மழைநீர் இறங்கி, தண்டு நடுவிலிருந்து அழுகும்.

கட்டையிலிருந்து நிறையப் போத்து வரும். நிமிர்ந்து, வெவ்வேறு திசையில் வந்த நான்கைந்தை வைத்து மற்றதைக் கிள்ளிவிட்டு, பென்சில் தடிப்பு வந்ததும் பெண் மரத்திலிருந்து எடுத்த அரும்பை ஒவ்வொன்றிலும் ஒட்ட வேண்டும். மூன்று நான்கு கிழமையில் நாடாவை அவிழ்த்து, அரும்பு பச்சையாக இருந்தால் மேலேயுள்ள போத்தை வெட்டலாம். எல்லாம் ஒட்டாது, அதனால்தான் நான்கைந்து. தேயிலைக் கவ்வாத்தில் கை பழகியவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும்: சுத்தமான வெட்டு, கூர்மையான கத்தி, வெட்டிய இடத்தில் நார் கிழியாமை, அவ்வளவுதான். விதையிலிருந்து தொடங்குவதைவிடப் பாதிக் காலத்தில் இந்த மரம் காய்க்கும். முதிர்ந்து, தண்டு பொந்தாகிப்போன மரத்தில் இதை முயல வேண்டாம்.

பசளையிலும் இரண்டு பாலையும் ஒரே மாதிரி நடத்தத் தேவையில்லை. ஆண் மரத்தின் செலவு மகரந்தத் தூளோடு முடிகிறது. பெண் மரம் காயைக் கட்ட வேண்டும். ஒரு மரத்தில் ஆயிரம் காய், காய்க்கு 60 கிராம் என்று வைத்தாலே வருடத்துக்கு 60 கிலோ அந்த மரத்திலிருந்து வெளியே போகிறது. அதனால்தான் அதிகம் காய்த்த வருடத்துக்கு அடுத்த வருடம் பெண் மரம் இளைத்துத் தெரியும். பக்கத்து ஆண் மரம் கொழுகொழுவென்று நிற்கும். ஆணுக்குப் பாதி அளவு போதும். மிச்சத்தைப் பெண்ணுக்குப் போடுங்கள். காயின் தடித்த தோலைக் கூட்டெருவாக்கி அதே மரத்தடிக்குத் திருப்பிக் கொடுங்கள்.

பப்பாசியில் மூன்று பால்

பப்பாசி சாதிக்காயைப் போலக் காக்க வைக்காது. நட்டு நான்கு முதல் ஆறு மாதத்தில் பூத்துவிடும். ஆனால் இதில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை. ஆண் மரத்தில் நீண்ட காம்பு தொங்கும், அதில் சின்னக் குழல் பூக்கள் கொத்துக் கொத்தாக. பெண் பூ தண்டோடு ஒட்டி, அடி குண்டாக, உள்ளே கேசரமே இல்லாமல் இருக்கும். காய் உருண்டை, உள்ளே வெற்றிடம் பெரிது. இருபால் பூவும் தண்டோடு ஒட்டித்தான் வரும், ஆனால் நீளவாக்கு. இதழைப் பிரித்தால் சூலகத்தைச் சுற்றி மஞ்சள் கேசரம் தெரியும். சந்தையில் விலை போகும் நீண்ட, சதைப்பற்றான பழம் இந்த மரத்தில்தான் வரும்.

விதை எந்தச் சேர்க்கையில் உண்டானது என்பதைப் பொறுத்து எது எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். பெண்ணும் ஆணும் சேர்ந்த விதையில் பாதி பெண், பாதி ஆண். பெண்ணில் இருபால் மரத்தின் மகரந்தம் விழுந்தால் பாதி பெண், பாதி இருபால், ஆண் வராது. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்த பழத்தின் விதையில் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண். இங்கும் ஆண் வராது. இருபால் மரத்தில் ஆண் மகரந்தம் விழுந்தால் மூன்றும் சமமாக வரும். ‘ரெட் லேடி’ என்ற பப்பாசி வகையின் விதை ஆண் மகரந்தம் சேராமல் உண்டாக்கப்படுவதால்தான் அதில் ஆண் மரம் வருவதில்லை. அந்தப் பழத்தின் விதையை வீட்டில் போட்டு ஆண் மரம் வந்தால், பக்கத்து வளவில் ஓர் ஆண் பப்பாசி பூத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குழிக்கு மூன்று நாற்று வைத்துப் பூத்ததும் ஒன்றாக்குவது இங்கும் பொருந்தும். இருபால் பழத்தின் விதையென்றால் மூன்றில் ஒன்றாவது இருபாலாக இருக்கும் வாய்ப்பு 27இல் 26. ஆண் மரத்தில் ஆணி அடிப்பது, தலையை வெட்டுவது, நாற்றின் வேரைப் பார்த்துப் பிரிப்பது எதற்கும் பலனில்லை. பால் விதைக்குள்ளேயே தீர்மானமாகிவிட்டது. சில ஆண் மரங்கள் பருவம் மாறும்போது நீண்ட காம்பின் நுனியில் ஒன்றிரண்டு காயைத் தாமாகவே பிடிக்கும். அதே நேரத்தில் யாராவது ஆணி அடித்திருந்தால் பெயர் ஆணிக்குப் போய்விடும்.

மலையில் பப்பாசி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபால் மரம் குளிருக்கு இளகிப்போகும். இரவுக் குளிர் கூடும்போது கேசரங்கள் சூலகத்தோடு ஒட்டி வளர்ந்து, காய் கோணல் மாணலாக, பூனை முகம் மாதிரி வரும். மறுபக்கம், கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் வந்தால் சூலகம் சுருங்கி, பூ ஆண் பூவைப் போலாகிக் காயில்லாமல் உதிரும். பெண் மரத்தில் ஒட்டுவதற்குக் கேசரமே இல்லை. ஆகவே குளிரில் அதன் காய் கோணாது. ஆயிரம் மீற்றர் உயரத்தை நெருங்கும் இடங்களில் பெண் மரத்தைக் கூடுதலாக வைத்து, பத்துக்கு ஒன்று ஆணோ இருபாலோ மகரந்தத்துக்கு விடுவது நல்லது.

ஆண் மரம் என்ற வீண் பழி

காய்க்காத மரத்தையெல்லாம் ஆண் மரம் என்று சொல்லி வெட்டும் பழக்கம் இருக்கிறது. பலாவில் ஆண் மரம் கிடையாது. இளம் பலா முதலில் ஆண் கதிர்களை மட்டும் போடும்; அவை வழுவழுப்பாக, மெல்லிய காம்போடு வந்து, மஞ்சள் தூள் உதிர்த்து, கறுத்துப் பூசணம் பிடித்து விழும். பெண் கதிரின் காம்பு தடிப்பு, மேலே ஒரு பச்சை வளையம் இருக்கும், மேற்பரப்பு சொரசொரப்பு. கறுத்து விழுவது ஆண் கதிரென்றால் அது நோயல்ல, வேலை முடிந்து விழுகிறது. மருந்து அடிக்க வேண்டாம். ஓரிரு வருடம் பொறுங்கள்.

அவகாடோ என்கிற ஆனைக்கொய்யாவும் அப்படித்தான். ஒவ்வொரு பூவிலும் இரண்டு பாலும் உண்டு, ஆனால் வேறு வேறு நேரத்தில் திறக்கும். ஒரு வகையில் பூ முதல் நாள் காலை பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் பிற்பகல் ஆணாக விரியும். மற்ற வகையில் முதல் நாள் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். ஹாஸ் முதல் வகை, ஃபுவேர்ட்டே இரண்டாவது. தனி மரம் காய் குறைவாகப் பிடித்தால் மற்ற வகை ஒன்றைப் பக்கத்தில் நட வேண்டும். பூக்கும் நாட்களில் குளிரும் மழையும் இருந்தால் இந்த நேர ஒழுங்கே குழம்பிப்போகும்.

மற்றவை

கொறக்காப்புளியிலும் ஆண் மரம், காய்க்கும் மரம் என்று பிரிவு உண்டு. விதை மரம் பூக்கப் பத்து வருடத்தைத் தாண்டும் என்பதால் ஒட்டுக்கன்று தவிர வேறு எதையும் நட மனம் ஒப்பாது. சாதிக்காய்க்குச் சொன்ன நிமிர்ந்த கொம்பு விதி இதற்கும் உண்டு. இதே குடும்பத்து மங்குஸ்தானில் நிலைமை தலைகீழ்: நிற்பதெல்லாம் பெண்தான், மகரந்தம் இல்லாமலே காயும் விதையும் உண்டாகின்றன, விதைக் கன்று தாயைப் போலவே வரும். அங்கே ஆணைத் தேட வேண்டாம்.

காட்டு மிளகில் கொடிகள் பெரும்பாலும் ஆண் வேறு பெண் வேறு. தோட்ட மிளகு மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்ததால் பெரும்பாலும் இருபால் பூவோடு இருக்கிறது. விதையிலிருந்து வளர்த்தால் பழைய குணம் திரும்பி வரும். மிளகைத் தண்டுத் துண்டில் நடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல கொடியிலும் நிழல் அளவு மீறினால் பெண் பூ கூடி, மகரந்தம் போதாமல் கதிரில் இடைவெளி விழும். மழைக்கு முன், கொடி படரும் கிளிசிரிடியா மரத்தைக் கவ்வாத்துச் செய்துவிடுங்கள். வெற்றிலையில் நமக்கு வேண்டியது இலைதான். பால் எதுவானாலும் கவலையில்லை. மல்லுங்கு இலைக்காக வளர்க்கும் கோவையும் அப்படியே. காய்க்காகவென்றால் பூவின் கீழே குட்டிக் காய் போலச் சூலகம் புடைத்த கொடியிலிருந்து மட்டும் தண்டு வெட்டி நட வேண்டும்.

சந்தையில் தும்ப கரவில என்று சிங்களத்தில் கேட்டு வாங்கும் முள்ளுப் பாகலுக்குக் கிழங்கு நடுவார்கள். கொடி காய்ந்து, கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகு ஆணையும் பெண்ணையும் பிரிக்க முடியாது. பூத்திருக்கும்போதே ஒவ்வொரு கொடியின் அடியிலும் ஒரு குச்சி ஊன்றி, பெண்ணுக்குச் சிவப்பு, ஆணுக்கு வெள்ளை என்று சீலைத் துண்டு கட்டிவிடுங்கள். அடுத்த நடுகைக்குப் பெண் கிழங்கு எட்டு முதல் பத்துக்கு ஆண் கிழங்கு ஒன்று எடுத்தால் போதும். இரண்டையும் வேறு வேறு மணல் பெட்டியில் போட்டு, பெட்டியிலும் அதே நிறச் சீலையைக் கட்டி வைக்க வேண்டும்.